வெள்ளைக் கண் புறா

டெண்டர் ஆற்றங்கரை வீடு, பெல்ஜியம்,
1918 டிசம்பர், புனித நிக்கோலாஸ் திருநாள் முடிந்த வாரம்.

அன்பு மகன் ரெமிக்கு அம்மா சிடோனி எழுதுவது.

நீ உயிரோடு இருக்கிறாய். இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஹாலந்து எல்லையில் ஜெர்மன்காரர்கள் போட்ட மின்சாரக் கம்பியைத் தாண்டி நீ போன பிறகு உன்னைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. நேற்றுத் தபால்காரர் உறையை நீட்டியபோது உன் கையெழுத்தைப் பார்த்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய், "என்ன, கெட்ட சேதியா?" என்றார். இல்லை என்று கையை ஆட்டினேன்.

உன் படை இப்போது ஜெர்மனிக்குள் க்ரேஃபெல்ட் நகரத்தில் தங்கியிருப்பதாக எழுதியிருக்கிறாய். அவர்கள் நம் வீட்டில் தங்கியிருந்த காலம் போய், நீ அவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறாய். உலகம் இப்படியும் புரளுமா! கம்பளிக் காலுறை போதுமா என்று எழுது. இங்கே மெத்தைக் கம்பளியைக்கூட உருவிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய சால்வையைப் பிரித்துப் பின்னி அனுப்புகிறேன்.

வீடு நிற்கிறது. பின்பக்கக் கூரை ஒழுகுகிறது. பசு போய்விட்டது. செம்புப் பாத்திரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ரொட்டி இப்போது கொஞ்சம் ரொட்டி மாதிரி இருக்கிறது. நீ வேலை பார்த்த தீப்பெட்டித் தொழிற்சாலையை ஈஸ்டருக்குப் பிறகு திறப்பார்கள் என்று பேச்சு.

அப்பா ஏன் ஒரு வரியும் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறாய். இதுவரை எழுதியதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கத்தான். ரெமி, உட்கார்ந்துகொள். உன் அப்பா இல்லை. சென்ற வருடம் பிப்ரவரியில் அவரைச் சுட்டுவிட்டார்கள்.

காரணம் புறா. நீ நம்பமாட்டாய், ஆனால் அதுதான். 1916 இலையுதிர் காலத்தில், புறா வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் கொன்று கால்களைக் கொண்டுவந்து நகரசபையில் காட்ட வேண்டும், ஒளித்து வைத்தால் சேதி அனுப்பும் உளவாளி என்று சுடப்படுவார்கள் என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள். தெருவில் எல்லோரும் கொன்றார்கள். உன் அப்பாவும் கொன்றார். கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அதன் முகத்தைப் பார்த்து, பிறகு கழுத்தைத் திருகினார். பசிக்காலம்தானே, சூப் வைக்கட்டுமா என்று கேட்டேன். "நீ தின்னு, எனக்கு வேணாம்" என்றார். அந்தக் குரலைக் கேட்டபின் நானும் தின்னவில்லை. தோட்டத்தில் புதைத்தோம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். குளிர்காலத்தில் அடிக்கடி மாடிப் பரணுக்குப் போவார். "வெங்காயம் காயுதான்னு பாத்துட்டு வர்றேன்" என்பார். பட்டாணி குறைவது எனக்குத் தெரிந்தது. பசி தாங்காமல் அவரே தின்கிறார் என்று நினைத்து, வெட்கப்படுவாரே என்று கேட்காமல் விட்டேன். பிப்ரவரியில் செம்பு தேடி வந்த சிப்பாய்கள் பரணில் ஏறினார்கள். பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து புறா குமுறிவிட்டது. இரண்டு புறாக்கள், ஒரு ஜோடி. அங்கேயே கழுத்தைத் திருகி அடுக்களை மேசைமேல் எறிந்தார்கள்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. யாருக்குச் சேதி அனுப்பினாய் என்று கேட்டார்களாம். "யாருக்கும் அனுப்பல. புறா என்னோடது. ஒளிச்சு வச்சேன்" என்பதற்கு மேல் அவர் பேசவில்லையாம். என்னை ஒருமுறை பார்க்க விட்டார்கள். கர்த்தர் மன்னிக்கட்டும், எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "ரெண்டு பறவைக்காகவா என்னை இப்படி நடுத்தெருவுல விட்டீங்க? ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன். அவர் காவலாளியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்து, "சொன்னா உனக்கு இன்னும் கோவம் வரும், சிடோனி" என்றார்.

மறுநாள் காலை மதுக்காய்ச்சும் ஆலையின் பின்சுவரில் நிறுத்திச் சுட்டார்கள். பாதர் உடனிருந்தார். கண்ணைக் கட்ட வேண்டாம் என்றாராம்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். முப்பது வருடம் அந்தப் புறாக்களோடு பங்கு போட்டுக்கொண்டு அவரோடு வாழ்ந்தேன். கடைசியில் முழுவதையும் அவைகளே எடுத்துக்கொண்டன. ஊரிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். "தியோஃபீலுக்குப் பெண்டாட்டியை விடப் புறா பெருசு" என்று ரொட்டிக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

நீ அழு. ஆனால் சாப்பிடாமல் இருக்காதே. மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
சிடோனி

*

1919 ஜனவரி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பின்.

அன்பு ரெமிக்கு,

உன் பதில் வந்தது. தாள் முழுவதும் வெறுமையாக விட்டு, நடுவில் "அந்த அதிகாரியின் பெயர் என்ன?" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன்.

இப்போது வேறொன்று எழுத வேண்டும். எழுத ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பிராஸ்பர் திரும்பி வந்துவிட்டான். 1916-இல் கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்குப் பிடித்துக்கொண்டு போனார்களே, அந்தக் கூட்டத்தில் அவனும் போனான். போகும்போது கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள்; வரும்போது கதவிடுக்கு போதும் அவனுக்கு. பல் பாதி இல்லை. அவன் தங்கை யூலாலி அவனை வாசலில் பார்த்துவிட்டு, யாரோ பிச்சை கேட்டு வந்திருக்கிறார் என்று ரொட்டித்துண்டு எடுக்க உள்ளே போய்விட்டாளாம்.

அவனுக்கும் உன் அப்பாவுக்கும் இருந்த பகை உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்குகிறது.

உன் அப்பா வளர்த்தது லியேஜ் புறா. சின்ன உடம்பு, குட்டை அலகு, மார்பில் சட்டை மடிப்பு மாதிரி சுருண்ட இறகு. ஆந்தைமுகப் புறாவின் ரத்தம் அதில் ஓடுகிறது, புத்தி அங்கேயிருந்துதான் வந்தது என்பார். பிராஸ்பர் வளர்த்தது ஆண்ட்வெர்ப் புறா. உடம்பு பெரிது. மூக்கின்மேல் சுண்ணாம்பைக் குழைத்து அப்பியது போலச் சதை. அது முன்னொரு காலத்தில் மாலுமிகள் கிழக்கிலிருந்து கொண்டுவந்த தூதுப் புறாவின் அடையாளமாம். கண் மட்டும் முத்து மாதிரி வெள்ளை. வானத்தில் புள்ளியாக மறையும்வரை ஏறுகிற பழைய வெள்ளைப் புறா ஒன்று உண்டே, அது கொடுத்த கண் அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் காபிக்கடையில் இதே வழக்குத்தான். "ஏ பிராஸ்பர், உன் புறா வழி கேட்டுக்கிட்டே வருதாம்ல, வர்ற வழியில தபால்காரரு சொன்னாரு" என்பார் உன் அப்பா. "உன் ஆந்தைக் குஞ்சுக்கு எதிர்காத்து அடிச்சா சளி புடிச்சுக்கும், கழுத்துக்கு ஒரு துண்டு கட்டி விடு" என்பான் அவன். ஒருமுறை பள்ளி ஆசிரியர், "இந்தப் பந்தயப் புறாவே ரெண்டு ஜாதியும் கலந்து உண்டானதுதான், சுத்த ரத்தம்னு எதுவும் இல்லை" என்று சொல்லப்போக, இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு அவரைக் கத்தி விரட்டினார்கள். அவர்கள் ஒன்றாகச் சேர்ந்தது அந்த ஒரு நாள்தான்.

பிறகு ஒரு வசந்தத்தில் பிராஸ்பரின் சேவல் புறா வேலி தாண்டி வந்து நம் பெட்டைப் புறாவோடு ஜோடி சேர்ந்துவிட்டது. உன் அப்பா அந்த முட்டைகளை எடுத்து அவன் வீட்டுச் சுவரில் அடித்தார். அன்றோடு பேச்சு நின்றது. அதன்பிறகு நம் கூண்டில் ஒரு குஞ்சுக்குக் கண் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தாலும் வைத்துக்கொள்ளமாட்டார். "இது பக்கத்து வீட்டுச் சாயல்" என்று அன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிடுவார்.

சரி. பிராஸ்பர் துக்கம் கேட்க வந்தான். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான். சிக்கரி காபி கொடுத்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், "எந்த ஜோடியை வச்சிருந்தான் தியோஃபீல்? அந்த நீலச் சேவலையா? மார்புல ரோசாப்பூ கணக்கா சுருள் இருக்குமே, அதுவா?" என்று கேட்டான்.

எனக்கு எரிச்சல். "எனக்கென்ன தெரியும் உங்க புறா சாத்திரம்? நான் பாத்தது செத்தது. இந்த மேசைமேலதான் கெடந்துச்சு. பெருசு. மூக்குமேல வெள்ளையா கட்டி. கண்ணு மூடவே இல்ல. முழிச்சு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு, வெள்ளைக் கண்ணு" என்றேன்.

காபிக் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

"என்ன கண்ணுன்னு சொன்ன?"

"வெள்ளை."

"நல்லா ஞாபகப்படுத்திப் பாரு சிடோனி. செம்மஞ்சளா? சாயங்கால வெளிச்சமா இருந்திருக்கும்."

"காலையில வந்தாங்க. வெள்ளைதான். இன்னைக்கும் கனவுல வருது."

அவன் மேசையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினான். "அவன் கூண்டுல வெள்ளைக் கண்ணு கெடையாது" என்றான். "ஒண்ணுகூடக் கெடையாது. அது என் புறா. போர்தோ பந்தயத்துல வந்த என் சேவல் அது."

நான் நம்பவில்லை. பசியில் புத்தி கலங்கிவிட்டது இவனுக்கு என்று நினைத்து வேலிக்கு அப்பாலிருந்து யூலாலியைக் கூப்பிட்டேன். அவள் வந்து கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள். ஆணை ஒட்டிய நாளில் அண்ணன் இல்லை, கொல்ல வேண்டியது அவள்தான். முதல் புறாவைப் பிடித்தபோதே மயக்கம் வந்துவிட்டதாம். வேலியோரம் நின்று உன் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். "எனக்குக் கை வரலண்ணே, நீங்க செஞ்சு குடுங்க." அவர் அந்த வீட்டுக் கேட்டுக்குள் போனது பல வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். கூண்டு முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு, "நீ பாக்க வேணாம். காலை மட்டும் கொண்டாந்து தர்றேன்" என்றாராம். சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். கணக்கு சரியாக இருந்தது.

கணக்கு எப்படிச் சரியாக இருந்தது, ரெமி? அவனுடைய ஜோடி பரணில் உயிரோடு இருந்தபோது, அந்த ஜோடிக்கு யாருடைய கால்கள் போயின?

நம் தோட்டத்தில் புதைத்த எல்லாப் புறாவுக்கும் அவர் நகரசபையில் கால் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு மேல் யூலாலியின் கணக்குக்கு ஒரு ஜோடியின் கால்கள் வேண்டும். முன்பு அவர்கள் எடுத்த கணக்கெடுப்பில் காட்டாத நம் இளங்குஞ்சுகள் ஒரு ஜோடி இருந்தது எனக்குத் தெரியும். நீலச் சேவலின் கடைசி வாரிசுகள். அவற்றைத்தான் பரணில் வைத்திருந்தார் என்று இவ்வளவு நாளும் நினைத்தேன். யாருக்கும் தெரியாமல் அவர் காப்பாற்றியிருக்கக்கூடிய நம் சொந்த ஜோடி அது. அதைக் கொன்று கணக்குக் காட்டியிருக்கிறார். பகையாளியின் ஜோடியை வைத்துக்கொண்டார்.

ஏன்? எனக்கு ஒன்றே ஒன்று நினைவுக்கு வருகிறது. போருக்கு முந்தைய கோடையில், பிரான்சின் கோடியில் பறக்கவிட்டு ஊர் திரும்ப வைக்கும் போர்தோ பந்தயத்தன்று புயல் அடித்தது. ஊரில் ஒரு புறாவும் வரவில்லை. எல்லோரும் வீட்டுக்குள் போன பிறகு பிராஸ்பரின் அந்தச் சேவல் மட்டும் மழையில் தனியாக வந்து அவன் கூரையில் இறங்கியது. உன் அப்பா நம் தோட்டத்தில் வேலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் சன்னலில் இருந்ததை அவர் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நனைந்துகொண்டே நின்றார். இடி விழுமோ என்று செபம் சொல்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

சொன்னால் இன்னும் கோபம் வரும் என்றாரே, சரியாகத்தான் சொன்னார். யூலாலி சொல்லி முடித்ததும் பிராஸ்பரை வெளியே போ என்று கத்தினேன். அவன் என்ன செய்தான் பாவம்? அவனுக்கே தெரியாது. இத்தனை நாளும் அவருடைய புறா எனக்குச் சக்களத்தி என்று அழுதேன். இப்போது அதுவும் இல்லை. வேலிக்கு அந்தப்பக்கத்துப் பறவைக்காக அந்தச் சுவரில் போய் நின்றிருக்கிறார். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. திட்டாமல் எப்படி இருப்பது என்றும் தெரியவில்லை.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

*

1919 மார்ச், தவக்காலம்.

என் ரெமிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ரொட்டிக்கடைக்காரரின் மருமகன் விடுப்பு முடிந்து உங்கள் பக்கம் வருகிறான், அவன் கையில் கொடுத்திருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

முதலில் ஊர்ச்சேதி. காபிக்கடையில் புறாச் சங்கத்தை மறுபடி கூட்டினார்கள். யாரிடமும் ஒரு புறா இல்லை, ஆனாலும் கூட்டம் நிறைந்துவிட்டது. பிராஸ்பர் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னானாம். பாதியில் அழுதுவிட்டானாம். கடையில் ஒருவரும் குவளையைத் தொடவில்லை என்று பாதர் வந்து சொன்னார். மறுநாள் காலை, ரொட்டிக்கடையில் அன்று அப்படிப் பேசிய அம்மாள் வாசலில் முட்டை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கதவைத் தட்டவில்லை.

பிராஸ்பர் தினமும் வந்து விறகு பிளந்து போடுகிறான். கூரை ஒழுகலை அடைத்துவிட்டான். சென்ற வாரம் ஹாலந்து எல்லை தாண்டி எங்கேயோ போய், உன் அப்பா முன்பு ஒரு ஆளுக்கு விற்ற புறாக்களின் வம்சத்தைத் தேடிப்பிடித்து ஒரு ஜோடி கொண்டுவந்தான். சின்ன உடம்பு, குட்டை அலகு, மார்பில் சுருள். கூடையைத் திறந்து காட்டினான். "எடுத்துட்டுப் போ, என் கூரைக்குக் கீழ இனிமே புறா கெடையாது" என்று கதவைச் சாத்திவிட்டேன். மழையில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனான். அவற்றைத் தன் கூண்டிலேயே வைத்திருக்கிறான். "ஆந்தைக் குஞ்சு, ஆந்தைக் குஞ்சுன்னு வாழ்நாள் பூரா கேலி பண்ணினேன், இப்ப அதுக்கு நான்தான் தண்ணி வைக்கிறேன்" என்று யூலாலியிடம் சொன்னானாம்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

அதை இரண்டு முறை படித்தேன். அங்கேயும் நம் படையினர் புறாவுக்குத் தடை போட்டிருக்கிறார்கள், வீடு வீடாகப் போய்ப் பார்த்துவர உன்னை அனுப்புகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரர், அந்த வயதான நெசவாளி, பரணில் துணி மூட்டைக்குப் பின்னால் ஒரு ஜோடி ஒளித்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு நீ பார்த்தது தெரியும் என்றும், காலையில் உனக்குக் காபி ஊற்றும்போது அவர் கை நடுங்குகிறது என்றும் எழுதியிருக்கிறாய். "அம்மா, நான் ஏன் சொல்லக்கூடாது? ஒரு காரணம் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறாய்.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். முதலில் எனக்குத் தோன்றியது, சொல்லிவிடு என்பதுதான். அவர்களும் ஒருமுறை கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்காரட்டும். அந்த வீட்டுக்காரியும் அடுக்களை மேசையில் ஒருமுறை பார்க்கட்டும். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். "சொல்" என்று எழுதியும் விட்டேன்.

பிறகு அதை அடித்தேன். ஏன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. புறாக்களை எறிந்த அந்த மேசைமேல் வைத்துத்தான் உனக்கு எழுதுகிறேன். இன்னொரு வீட்டில் இதே மாதிரி ஒரு மேசை இருப்பதும், அதற்கு நீ காரணமாக இருப்பதும் எனக்கு வேண்டாம். உன் அப்பாவுக்குப் பிராஸ்பரைக் கண்டால் ஆகாது, சாகும்வரை ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவன் இல்லாத நேரத்தில் அவன் கூண்டுக்கு முன்னால் நின்றபோது அவருக்குக் கை வரவில்லை. உன் கை அவர் கை மாதிரியே இருக்கும் என்று பிறந்த அன்றே மருத்துவச்சி சொன்னாள்.

ரெமி, நீ அந்தப் பரணுக்குப் போகவில்லை. எதையும் பார்க்கவில்லை. வீட்டில் புறா உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல். அவர் காபி ஊற்றும்போது கிண்ணத்தை நீ பிடித்துக்கொள், நடுங்கினால் சிந்தாது. என்ன ஜாதிப் புறா என்று பார்த்தாயா? பார்த்திருந்தால் எழுதாதே, வந்து சொல்.

அம்மா உன்னிடம் இதற்குமுன் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. அடி, காயம் எதுவும் இல்லாமல், யார் சாபமும் ஒட்டாமல் வீடு வந்து சேர். நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடுகிறேன்.

உனக்காகக் காத்திருக்கும் அம்மா,
சிடோனி